பள்ளிப் பேருந்தின் ஆயாம்மாவுக்கு

என் மகள் மீண்டும் பள்ளிக்குச் செல்லத் தொடங்கி நேற்றோடு ஒரு மாதம் ஆகிறது. அவளுடைய கால்வலியோடு எங்கள் வீடு கடந்துவந்த ஓராண்டை அறிந்த நண்பர்களே, உறவினர்களே, உங்களுக்கு அதை மறுபடி விவரிக்கத் தேவையில்லை. பரிசோதனைகளில் எதுவும் தென்படாதபோதும் அவளுடைய கால்வலி மெய்யானது என்று சொன்ன குழந்தைநல மருத்துவருக்கும், வலி போனபின் நடக்கலாம் என்று காத்திருக்க விடாமல் நாளுக்குச் சில அடிகளாக நடக்கவைத்த இயன்முறை மருத்துவருக்கும், முதல் வாரங்களில் 2 மணி நேரம் மட்டும் வகுப்பில் இருக்க இசைந்த ஆசிரியைக்கும், விடுபட்ட பாடங்களை எழுதித் தந்த தோழியருக்கும் எங்கள் நன்றி.

ஆனால் நான் எழுத உட்கார்ந்தது ஆயாம்மாவுக்காக.

முதல் நாள் காலை தெருமுனையில் நின்றிருந்தவர்கள் எல்லாரும் அன்போடுதான், ‘வலி இப்போது எப்படி இருக்கிறது?’ என்று அவளிடம் கேட்டார்கள். ஒவ்வொருவரும் கேட்கக் கேட்க அவள் முகம் சுருங்கியது. ஆயாம்மா அதைக் கேட்கவில்லை. “வந்துட்டியா பாப்பா? இந்த யூகேஜி பையன் தூங்கி விழுந்துட்டே வர்றான், பக்கத்துல உக்காந்து புடிச்சுக்கோ” என்று சொல்லி, அவனுடைய தண்ணீர் பாட்டிலை அவள் கையில் கொடுத்தார். மூன்றாம் நாள் வலி கூடி, போகமாட்டேன் என்று கட்டிலில் கிடந்தவள், ‘அவன் தேடுவானே’ என்று தானாக எழுந்து சீருடை அணிந்ததைக் கதவருகே நின்று பார்த்தேன்.

மனநல ஆலோசகர் மாதக்கணக்கில் சொல்லிவந்தது அன்றுதான் எனக்கு உறைத்தது. வலியைப் பற்றி ஒரு நாளில் எத்தனை முறை கேட்கிறேன் என்று அவர் எண்ணச் சொன்னபோது 23 என்று வந்தது. என் முகத்தில் இருந்த பயத்தைப் பார்த்துத் தன் உடலில் பெரிய ஆபத்து இருப்பதாக அவள் நம்பினாள்; நம்பியதால் அசையாமல் கிடந்தாள்; அசையாத கால் மேலும் வலித்தது. அந்த வலியை நாங்கள் உண்டாக்கவில்லை, ஆனால் அதைச் சுற்றியே வீட்டை நடத்தினோம். ‘அப்படியானால் எல்லாம் பிரமைதானா?’ என்று கேட்ட உறவினர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும்: குழந்தைகளின் நாட்பட்ட வலிக்காக உலக சுகாதார நிறுவனம் 2020-இல் வெளியிட்ட வழிகாட்டியில் உடற்பயிற்சி, மருந்து ஆகியவற்றோடு உளவியல் சிகிச்சையும் இருக்கிறது, குடும்பத்தின் பங்கும் இருக்கிறது. வலிப்பது பொய் என்று அதற்குப் பொருளல்ல.

இனி அவள் வீடு திரும்பும்போது நானாக வலியை விசாரிக்க மாட்டேன். அவளாகச் சொன்னால் பதறாமல் கேட்பேன். வலி முற்றிலும் போய்விடவில்லை. சென்ற வியாழக்கிழமைகூட மாடிப்படியில் பாதியிலேயே உட்கார்ந்துவிட்டாள், பிறகு அவளே எழுந்து ஏறினாள்.

ஆயாம்மா, நீங்கள் கைப்பேசியில் படிப்பதில்லை என்பதால் நாளைக் காலை பேருந்தில் இதை அவளே உங்களுக்குப் படித்துக் காட்டுவாள். அவள் படித்து முடிக்கும்வரை அந்தப் பையனை உங்கள் பக்கத்தில் உட்காரவைத்துக்கொள்ளுங்கள்.