மே லீவுக்கு வந்துவிடு, ஜெனி

அன்புள்ள மகள் ஜெனிக்கு,

அம்மா எழுதுவது. இங்கே அப்பா, தம்பி, நான் எல்லோரும் நல்ல சுகம். நீயும் மாப்பிள்ளையும் பேரனும் சுகமாக இருக்க மாதாவை வேண்டிக்கொள்கிறேன்.

ஃபோனில் இரண்டு வார்த்தை பேசுவதற்குள் "அப்புறம் கூப்பிடுறேம்மா" என்று வைத்துவிடுகிறாய். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். நிதானமாகப் படி.

கடலுக்குள்ளே ரயில் போகுமா என்று பேரன் என்னிடம் கேட்டான். பாம்பன்காரன் பேரன் இதைக் கேட்கலாமா? இந்த மே லீவுக்குக் கட்டாயம் கூட்டிக்கொண்டு வா. மதுரை வரைக்கும் எப்படியாவது வந்துவிடு. அங்கிருந்து பகல் பாசஞ்சரில் ஏறினால் பாலத்தை வெளிச்சத்தில் பார்க்கலாம். நீ சின்னப் பிள்ளையாக இருந்தபோது கப்பல் வந்தால் பழைய பாலத்தை ஆட்கள் கையால் சுற்றித் திறப்பதைப் பார்க்கச் சாப்பாட்டை விட்டுவிட்டு ஓடுவாய். 1914-ல் கட்டியது அது. இப்போது அதன் பக்கத்திலேயே புதுப் பாலம், 2025 ஏப்ரலில் திறந்தார்கள். நடுவில் 72.5 மீட்டர் துண்டு அப்படியே நேராக மேலே ஏறுகிறது. பேரனுக்கு அதைக் காட்ட வேண்டும். மாப்பிள்ளைக்கு லீவு கிடைத்தால் அவரும் வரட்டும். கிடைக்காவிட்டால் நீயும் பிள்ளையும் மட்டும் வாருங்கள்.

எங்கெங்கே கூட்டிப் போகலாம் என்று எல்லாம் யோசித்து வைத்திருக்கிறேன். முதல் நாள் எங்கேயும் வேண்டாம், தூங்கு. போன தடவை வந்தபோது உன் கண்ணைச் சுற்றிக் கறுத்திருந்தது. மறுநாள் குந்துகால். விவேகானந்தர் 1897-ல் இலங்கை வழியாகத் திரும்பி வந்து இறங்கிய இடம் என்று மண்டபம் கட்டியிருக்கிறார்களே, அங்கேதான். பக்கத்திலேயே மீன்பிடித் துறைமுகம். மீன்பிடித் தடைக்காலம் என்பதால் விசைப்படகு எல்லாம் கட்டித்தான் கிடக்கும், ஜூன் 14 வரைக்கும் போகாது. ஆனால் நாட்டுப்படகு வரும். நண்டும் கணவாயும் ஏலம் போவதைப் பையன் பார்க்கட்டும். குந்துகாலில் இருந்துதான் வனத்துறைப் படகு குருசடைத் தீவுக்குப் போகிறது. கச்சான் என்கிற மேல்காற்று ஏறிவிட்டால் படகை நிறுத்திவிடுவார்கள், அதனால் மே மாதத் தொடக்கத்திலேயே வந்தால் நல்லது. நாங்கள் கடல்பாசி எடுக்க இந்தத் தீவுகளைச் சுற்றித்தான் முங்குவோம். 1986-ல் 21 தீவையும் தேசியப் பூங்கா ஆக்கியதிலிருந்து அங்கே இறங்குவதற்கு எத்தனை பேச்சு வாங்கினோம் என்பது உனக்குத் தெரியும். இப்போது டிக்கெட் எடுத்துப் போய் என் பேரனுக்கு அதே தண்ணீரைக் காட்டப் போகிறேன். பவளப்பாறை இருக்கிற இடத்தில் மீன் எப்படி நிற்கும், மரிக்கொழுந்துப் பாசி எந்தக் கல்லில் பிடிக்கும் என்று எல்லாம் அவனுக்குச் சொல்ல ஆள் வேண்டாமா?

குளிக்க வைக்க வடகடல்தான். பெண் கடல் என்பார்களே, குளம் மாதிரிக் கிடக்கும். இல்லாவிட்டால் அரியமான் கடற்கரைக்குப் போகலாம், சவுக்குத் தோப்பு நிழல் இருக்கிறது, இடுப்பளவுத் தண்ணீர் வெகுதூரம் வரைக்கும் போகும். தனுஷ்கோடிக்கும் போவோம். ஆனால் அரிச்சல்முனையில் தண்ணீரில் இறங்கக் கூடாது. இரண்டு கடலும் மோதுகிற இடம், இழுவை அதிகம். வெளியூர்க்காரர்கள் தெரியாமல் கால் நனைக்கப் போய் உயிரை விட்டவர்கள் உண்டு. நீ கெட்டிக்காரிதான், இருந்தாலும் சொல்கிறேன், இறங்காதே. பூநாரை பார்க்க வேண்டுமென்றால் மட்டும் மார்கழி தையில் வர வேண்டும். கோதண்டராமர் கோவில் பக்கம் வெள்ளையும் சிவப்புமாகக் கூட்டமாக நிற்கும். 2025-ல் அந்தப் பக்கத்தைப் பூநாரைச் சரணாலயம் என்று அரசாங்கம் அறிவித்துவிட்டது. அதற்கு இன்னொரு தடவை வா.

தனுஷ்கோடியில் இடிந்த கோவிலுக்குப் பக்கத்தில்தான் உன் ஆச்சி வீடு இருந்தது. உனக்குத் தெரிந்த கதைதான், இருந்தாலும் பேரனுக்குச் சொல்ல வேண்டும். 1964 டிசம்பரில் அந்தப் புயல் ரயிலையே கடலுக்குள் கொண்டு போனது. தண்ணீர் வற்றின பிறகு உன் ஆச்சி கைக்குழந்தையோடு இங்கே தன் தாய் வீட்டு வாசலில் வந்து நின்றாள். கட்டின சேலையைத் தவிர ஒன்றும் இல்லை. அந்த வீட்டில் ஒருவர்கூட ஒரு கேள்வி கேட்கவில்லை. சோறு போட்டார்கள், பாய் விரித்தார்கள். பெட்டியில் என்ன கொண்டு வந்தாய், புருஷன் எங்கே, எப்போது திரும்பிப் போவாய் என்று யாரும் கேட்கவில்லை. தாத்தா மண்டபம் ஊரிலிருந்து வந்து சேர மூன்று வாரம் ஆனது. அதுவரைக்கும் ஆச்சி பேசினதெல்லாம் பிள்ளைக்குப் பால் வேண்டும் என்பது மட்டும்தான். அந்த வீடுதான் இது, ஜெனி. ஓடு மாற்றினோம், திண்ணையை உயர்த்தினோம், அவ்வளவுதான்.

பொங்கலுக்கு வந்தபோது கையில் வளையல் இல்லை. லாக்கரில் இருக்கிறது என்றாய். சரி. நான் மேலே கேட்கவில்லை, அப்பாவிடமும் சொல்லவில்லை. தெருவில் முதலில் டிகிரி வாங்கியவள் நீ. நான் கடலில் மூச்சடக்கி எடுத்த பாசிக் காசில் உன் ஃபீஸ் கட்டினேன், அதைப் பெருமையாகத்தான் எல்லோரிடமும் சொல்கிறேன். அப்படிப் படித்தவளுக்கு அம்மாவுக்கு ஒரு ஃபோன் போட நேரம் இல்லையா? பக்கத்து வீட்டு செல்வி மாதம் இரண்டு தடவை பணம் அனுப்புகிறாள், தினமும் பேசுகிறாள். பணம் எனக்கு வேண்டாம். மகளிர் குழுவில் என் பெயரில் சேமிப்பு இருக்கிறது, அப்பாவுக்குத் தெரியாது, அதை நான் யாருக்காகச் சேர்க்கிறேன்? உனக்குத் தேவைப்பட்டால் சொல். கடன் என்று நினைக்காதே.

நேரத்துக்குச் சாப்பிடு. ஆஃபீஸ் வேலையை வீட்டில் வைத்துப் பார்க்காதே. பிள்ளைக்கு முன்னால் சத்தம் போட்டுப் பேச்சு எதுவும் வேண்டாம், யார் பக்கம் நியாயம் இருந்தாலும். தனியாகப் பயணம் வந்தால் பிள்ளையை ஜன்னலோரம் உட்கார வைத்துக் கையைப் பிடித்துக்கொள், பாலம் வரும்போது எட்டிப் பார்ப்பான்.

தம்பி ஒரு வல்லம் படகில் பங்கு சேர்ந்திருக்கிறான். முன்னாடி மாதிரி ராத்திரி எல்லாம் ஊர் சுற்றுவதில்லை. உன் அத்தைக்கு முட்டி வலி. வேறு செய்தி இல்லை. உனக்குப் பிடித்த நெத்திலி காய வைத்திருக்கிறேன், மண்ணில் போடவில்லை, வலை விரித்து அதன் மேல்தான்.

எந்தத் தேதி வருகிறாய் என்று மட்டும் சொல். டிக்கெட்டைத் தம்பி எடுத்து அனுப்புவான். போக ஒரு டிக்கெட், திரும்ப ஒரு டிக்கெட் என்று இப்போதே எடுக்க வேண்டாம், திரும்புவதை வந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

காலையில் ஆறு மணிக்குள் கூப்பிடு. அந்த நேரத்தில் அப்பா கரைக்குப் போயிருப்பார், தம்பி தூங்குவான், ஃபோன் என்னிடம்தான் இருக்கும்.

இப்படிக்கு,
அம்மா