வாடகைக்கு இருக்கிறவையின்ர பாட்டையும் பாருங்கோ

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்,

யாழ்ப்பாணத்தில திருநெல்வேலி, கொக்குவில், கோண்டாவில் பக்கம் யாழ் பல்கலைக்கழகக் கம்பஸை நம்பி வீட்டுக்குப் பின்னால அனெக்ஸ் எண்டு கட்டிக் கட்டி வாடகைக்கு விடுகினம், கனக்க இடத்தில பிரதேச சபையில பிளான் பாஸ் பண்ணுறேல்ல, ஆனா அட்வான்ஸை மட்டும் மொத்தமா வாங்கிப்போடுவினம்.

நாங்கள் இருக்கிறதும் அப்பிடி ஒண்டுதான். கராஜை மறிச்சு அறையாக்கி அஸ்பெஸ்டஸ் சீற் போட்டிருக்கு, முன்வீட்டு மீற்றரில இருந்து வயரை ஜன்னலுக்கால இழுத்து விட்டிருக்கினம், அயன் போட்டா றிப் சுவிட்ச் விழுந்திடும். அதைவிடப் பயம் கக்கூஸ் குழி, கிணத்துக்குப் பக்கத்திலயே வெட்டியிருக்கு. இஞ்ச நிலம் சுண்ணாம்புக்கல்லு எல்லோ, அழுக்கு வெடிப்புகளுக்கால இறங்கி நிலத்தடித் தண்ணியிலதான் போய்ச் சேரும், பிள்ளையளுக்கு அதைத்தானே குடிக்கக் குடுக்கிறம்.

1978ம் ஆண்டு 41ம் இலக்க நகர அபிவிருத்தி அதிகார சபைச் சட்டம் செல்லுபடியாகிற இடங்களில, கட்டி முடிச்ச பிறகு, பாஸ் பண்ணின பிளான்படிதான் கட்டியிருக்கு எண்டு சொல்லுற இணக்கச் சான்றிதழ் எடுத்துப்போட்டுத்தான் ஆக்களை இருத்தலாம். வாடகைக்கு வாறவைக்கு ஆர் அதைக் காட்டுகினம்? கேட்டா வேற வீடு பாருங்கோ எண்டுவினம், பிரதேச சபையில போய் முறையிட்டா இடிக்கச் சொல்லி ஓடர் வரும், கட்டினவருக்கு ஒரு சுவர் போகும், எங்களுக்கு இருக்க இடமும் போகும் அட்வான்ஸும் போகும்.

அதால சபையளிட்ட ரெண்டு விசயம் கேக்கிறன். ஒரு வீட்டுக்கு அனுமதி இருக்கோ எண்டு வாடகைக்குப் போறவை கந்தோரில கேட்டா அண்டைக்கே சொல்லுங்கோ. இடிக்க முதல், குடியிருக்கிறவைக்கு வேற இடம் பாக்க அவகாசம் குடுத்து அட்வான்ஸையும் திருப்பி வாங்கிக் குடுங்கோ.

வாடகைக்கு இருக்கும் ஒரு தாய்,
கோண்டாவில்.