உடைந்த எழுத்தில் வரும் வாழ்த்து

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மொரீசியஸில் தைப்பூசக் காவடி அரசு விடுமுறை நாள் என்பதால், விழா நெருங்கும்போது கடைகளும் நிறுவனங்களும் ஃபேஸ்புக்கிலும் வாட்ஸ்அப்பிலும் வாழ்த்துப் படங்களை அனுப்பித் தள்ளுகின்றன. நம்மை நினைக்கிறார்களே என்று மகிழலாம்தான். ஆனால், சென்ற முறை என் கைப்பேசிக்கு வந்த ஒரு விளம்பரத்தில், வேலும் மயில்தோகையும் பளபளக்க, அவற்றின் கீழே ‘தைப்பூசம்’ என்ற சொல்லின் ஐகாரக் குறி தகரத்துக்கு முன்னால் நிற்காமல் பின்னால் போய் ஒட்டிக்கொண்டிருந்தது. பக்கத்துப் பிரெஞ்சு வரியில் ஓர் உச்சரிப்புக் குறிகூடத் தவறவில்லை.

கணினியில் எழுத்துகளைச் சேமிக்கும் பொதுக் குறியீடான யூனிகோடு முறையில் ஐகாரக் குறி மெய்யெழுத்துக்குப் பின்னரே சேமிக்கப்படுகிறது. அதை முன்னால் கொண்டுவந்து காட்டுவது மென்பொருளின் வேலை. அந்த வசதி இல்லாத வடிவமைப்புச் செயலியில் தமிழை ஒட்டினால் எழுத்து கலைந்துவிடும். தமிழ் படிக்கத் தெரிந்த ஒருவர் அரை நிமிடம் பார்த்திருந்தாலே பிழையைப் பிடித்திருப்பார்.

1998இல் வெளிவந்த புதிய மொரீசியஸ் ரூபாய்த் தாள்களில், மொழிகளின் வரிசையில் தமிழின் இடம் மாற்றி அச்சிடப்பட்டபோது, இங்குள்ள தமிழர்கள் எதிர்ப்புத் தெரிவித்ததால் அத்தாள்களே திரும்பப் பெறப்பட்டன. இப்போது கலைந்த தமிழை நாமே அடுத்த குழுவுக்கு அனுப்பிவைக்கிறோம். நானும் அனுப்பியவன்தான், பிறகுதான் படித்துப் பார்த்தேன்.

விழாவுக்கு முன்பே கோயில் சங்கங்கள் தமிழறிந்த ஒருவரைச் சரிபார்ப்புக்கென அமர்த்தி, அவரது எண்ணை விளம்பரதாரர்களுக்குத் தெரிவிக்கலாம்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
ரோஸ் ஹில், மொரீசியஸ்