ரோபோ சரி, தொடைப்பட்டை எவ்வளவு நேரம்?

ஆசிரியருக்கு,

ரோபோ உதவியோடு செய்யும் முழங்கால் மூட்டு மாற்று விளம்பரங்களில் மில்லிமீட்டர் துல்லியம் பற்றித்தான் பேச்சு. ரத்தத்தை நிறுத்தத் தொடையில் கட்டும் காற்றுப்பட்டையை, அதாவது டூர்னிக்கெட்டை, யாரும் குறிப்பிடுவதில்லை.

வழக்கமான முறையில் தொடை எலும்பின் மஜ்ஜைக்குழலுக்குள் கம்பி செலுத்தி அளவெடுப்பார்கள். ரோபோ முறையில் அது வேண்டியதில்லை. குழல் திறக்கப்படாததால் அங்கிருந்து ரத்தம் கசிவதும் குறைவு. ஆனால் எலும்பில் உலோக ஊசிகள் செருகி, ஒவ்வொரு புள்ளியாகத் தொட்டுப் பதிவு செய்யக் கூடுதல் நேரம் பிடிக்கும், கற்றுக்கொள்ளும் காலத்தில் இன்னும் அதிகம். தோலைக் கீறும்போதே பட்டையில் காற்றடித்துவிட்டால் அந்த நேரம் முழுவதும் தொடைத் தசையும் நரம்பும் நசுங்கிக் கிடக்கும்.

41 ஆய்வுகளில் 2,819 நோயாளிகளைத் தொகுத்துப் பார்த்த 2020ஆம் ஆண்டு காக்ரேன் (மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் அமைப்பு) அறிக்கையில், பட்டை கட்டியவர்களுக்கு முதல் நாள் வலி பத்துக்கு 1.25 புள்ளி கூடுதல். கடுமையான பக்கவிளைவுகளும் அதிகமாக இருக்கக்கூடும் என்கிறது அது.

ஊசி செருகல், பதிவு, எலும்பு வெட்டு எல்லாவற்றையும் பட்டையில் காற்றில்லாமல் முடித்து, செயற்கை மூட்டை எலும்போடு பிணைக்கும் சிமெண்ட் வைக்கும் நேரத்துக்கு மட்டும் பட்டையை ஏற்றலாம். வெட்டிய எலும்பை உப்புநீர் பீய்ச்சிக் கழுவி, ஒற்றி உலர்த்தினால்தான் சிமெண்ட் உள்ளே இறங்கும். தகுந்த நோயாளிக்குக் கீறலுக்கு முன் ட்ரானெக்ஸாமிக் அமிலம் 1 கிராம் கொடுத்தால் ரத்தப்போக்கு கணிசமாகக் குறையும். ஆன்டிபயாடிக் காற்றடிப்பதற்கு முன்பே உடலில் ஏறியிருக்க வேண்டும். பிறகு போட்டால் அது காலுக்கே போய்ச் சேராது.

எல்லாருக்கும் 300 மி.மீ. பாதரச அழுத்தம் என்பது வெறும் பழக்கம். பாதத்தில் நாடி மறையும் அழுத்த அளவைக் கண்டறிந்து, அது 130க்குள் இருந்தால் 40, 190 வரை 60, அதற்கு மேல் 80 கூட்டினால் போதும். குறைத்து வைப்பதும் ஆபத்துதான்: தமனி திறந்திருக்க, சிரை மட்டும் அடைபட்டு, பட்டையே கட்டாததைவிட அதிகமாகக் கசியும். கிருமிநாசினி வழிந்து பட்டைக்கு அடியில் சுற்றிய துணியில் ஊறினால் தோல் வெந்து கொப்புளிக்கும். முழங்காலை நீட்டிய நிலையில் காற்றடித்தால் முன்தொடைத் தசை சிக்கிக்கொள்ளும். முழங்காலின் முன்னுள்ள சிப்பி எலும்பு சரியாக ஓடுகிறதா என்ற கணிப்பே தவறிப்போகும்.

நீண்டகால நீரிழிவுக்காரர்கள் சிலருக்குப் பக்கவாட்டு எக்ஸ்ரேயிலேயே ரத்தக்குழாய் வெள்ளைக் கோடாகத் தெரியும். அது சுண்ணாம்பு படிந்த குழாய். அவர்களுக்கும், காலில் பைபாஸ் செய்தவர்களுக்கும் பட்டையைத் தவிர்ப்பதே நல்லது.

‘எத்தனை நிமிடம், எவ்வளவு அழுத்தம்?’ என்று நோயாளிகள் முன்கூட்டியே கேட்கலாம். அறுவைக் குறிப்பில் இரண்டும் எழுதப்பட்டிருக்க வேண்டும்.

– எலும்பு மூட்டு அறுவை சிகிச்சை மருத்துவர், மதுரை