மவுசு போன கதை

அன்புள்ள நண்பா,

நலம். உன் கடிதம் கிடைத்தது. கார் விற்கப் போன கதையைப் படித்துச் சிரித்துக்கொண்டே வந்தேன், அடுத்த பத்தியில் சிரிப்பு நின்றுவிட்டது. ஓய்வு பெற்ற பிறகு போன் அடிப்பதில்லை, பழைய ஆபீசுக்குப் போனால் உட்காரச் சொல்லக்கூட ஆளில்லை, "காரைப் போலவே நானும் செல்லாக்காசு" என்று எழுதியிருக்கிறாய்.

காரையும் உன்னையும் ஒரே தராசில் வைப்பது எனக்கு ஒப்பவில்லை. காரின் கதையே நீ நினைப்பது போல நேரானதில்லை. டயர் தேய்கிறது, இன்ஜின் களைக்கிறது, அதெல்லாம் சரி. ஆனால் ஷோரூமை விட்டு இறங்கிய மறுநாளே விலை சரிகிறதே, ஒரே நாளில் என்ன தேய்ந்துவிட்டது? வாங்க வருகிறவன் மனதில் ஒரு கேள்வி: "புது வண்டியை இவன் ஏன் தள்ளிவிடப் பார்க்கிறான்?" அந்தச் சந்தேகத்துக்கும் சேர்த்துத்தான் விலையைக் குறைக்கிறான். ஜார்ஜ் அகர்லாஃப் என்ற அமெரிக்கப் பொருளாதார அறிஞர் இதைப் பற்றி 1970-ல் ஒரு கட்டுரை எழுதினார், பின்னால் 2001-ல் நோபல் பரிசில் பங்கும் பெற்றார். விஷயம் என்னவோ தரகர்கள் எல்லோருக்கும் தெரிந்ததுதான்.

பொருளில் ஒரு குறையும் இல்லாமலே விலை போவதற்கு முத்துமாலைக் கதையைச் சொல்ல வேண்டும். 1917-ல் நியூயார்க்கின் ஐந்தாவது அவென்யூவில் மார்ட்டன் பிளான்ட் என்ற செல்வந்தர் தன் மாளிகையைக் கார்ட்டியே நகைக்கடைக்குக் கொடுத்தார். பதிலுக்கு வாங்கியது 100 டாலர் ரொக்கமும் ஓர் இரட்டைச் சர முத்துமாலையும். மாலையின் அன்றைய மதிப்பு 10 லட்சம் டாலர். 1957-ல் அதே மாலை ஏலத்துக்கு வந்தபோது போன விலை சுமார் 1.5 லட்சம். முத்து மங்கவில்லை, உடையவில்லை. இடையில் ஜப்பானில் மிகிமோட்டோவும் மற்றவர்களும் சிப்பிக்குள் முத்தை வளர்க்கும் வித்தையைத் தொழிலாக்கிவிட்டார்கள். இயற்கை முத்தா, வளர்ப்பு முத்தா என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது, எக்ஸ்ரே எடுத்தால்தான் தெரியும். அத்தோடு முத்தின் மவுசு போயிற்று. (அந்த மாளிகையில் இன்றும் கார்ட்டியேதான் இருக்கிறது. வியாபாரி வியாபாரிதான்!)

இதைப் படிக்கும்போதே உன் நினைவுதான் வந்தது. ஒரு பக்கம் நிறைய எண்கள் இருக்கும், நீ பென்சில் நுனியை மேலிருந்து கீழே ஒரு தடவை இறக்கி, அடியில் கூட்டுத்தொகையை எழுதிவிடுவாய். வேலைக்குப் புதிதாக வந்த பையன்கள் சுற்றி நின்று வேடிக்கை பார்ப்பார்கள். அந்தக் கணக்கு இன்றும் உனக்குத் தப்பாது. ஆனால் ஒவ்வொருவர் பையிலும் அதைச் செய்ய ஒரு கருவி வந்துவிட்டது. அதனால், "நான் என்ன தப்பு செய்தேன்" என்று நீ கேட்பதற்கு என்னிடம் பதில் இல்லை. முத்து என்ன தப்பு செய்தது?

உட்காரச் சொல்லாத விஷயம் வேறு. அது திறமைக்குக் கிடைத்த மரியாதை இல்லை, கையெழுத்துக்குக் கிடைத்தது. கையெழுத்து அடுத்தவரிடம் போனதும் நாற்காலியும் அவர் பக்கம் நகர்ந்துவிட்டது. இதற்கு நீ வருத்தப்படுவது எனக்கு ஆச்சரியம், உனக்கு முன்னால் அந்த இடத்தில் இருந்தவரை நாம் எத்தனை தடவை போய்ப் பார்த்தோம், சொல்?

விலை இறங்குவதில் எனக்குப் பிடித்த கதை அலுமினியத்துடையது. 1884-ல் வாஷிங்டன் நினைவுத் தூணின் உச்சிக்கு 100 அவுன்ஸ் அலுமினியத்தில் ஒரு முனை வார்த்தார்கள். அன்று அது கிட்டத்தட்ட வெள்ளி விலை. தூணில் ஏற்றும் முன் அதை நியூயார்க்கில் ஒரு நகைக்கடையில் வைத்திருக்க, தூணின் உச்சியையே தாண்டினேன் என்று சொல்லிக்கொள்வதற்காக ஜனங்கள் அதைத் தாண்டிக் குதித்தார்களாம். இரண்டே வருஷத்தில் அமெரிக்காவில் ஹாலும் பிரான்சில் ஏரூவும் தனித்தனியாக, மின்சாரத்தைக் கொண்டு அதைப் பிரித்தெடுக்கும் வழியைக் கண்டுபிடித்தார்கள். விலை தலைகுப்புற விழுந்தது. அதற்கப்புறம்தான் அது சமையலறைக்கு வந்தது, மின்கம்பியானது, விமானமானது. விலை உயர்ந்தே இருந்திருந்தால் பணக்காரர் வீட்டுக் கரண்டியாகவே காலத்தை ஓட்டியிருக்கும்.

இங்கே சேதி அதிகமில்லை. கலைக்களஞ்சியத் தொகுதிகளை ஒருவழியாக எடைக்குப் போட்டேன். எடுக்க வந்தவர் ஒவ்வொன்றையும் விரித்து, தங்க எழுத்து போட்ட கெட்டி அட்டையைக் கிழித்து வெளியே போட்டுவிட்டு, தாள்களை மட்டும் தராசில் வைத்தார். அட்டைக்கு விலை கிடையாதாம். பிரிட்டானிக்காவே 244 வருஷம் ஓடிய பிறகு 2012-ல் அச்சை நிறுத்திவிட்டது, என் அலமாரி எந்த மூலை!

கார் விஷயத்துக்கு வருகிறேன். பெரிய சரிவெல்லாம் முதல் சில வருஷங்களிலேயே முடிந்துவிட்டது, இனி விழ அதிகமில்லை. கியர்பாக்ஸ் நன்றாக இருந்தால் விற்காதே. அந்தக் காசுக்கு அதில் பாதி நம்பகமான வண்டிகூடக் கிடைக்காது. அப்புறம், என் வரிக் கணக்கில் ஒரு சிக்கல், இரண்டு பேரிடம் காட்டினேன், இரண்டு விதமாகச் சொல்கிறார்கள். காகிதங்களைத் தனியாக அனுப்புகிறேன், பார்த்துச் சொல்.

மற்றவை நேரில்.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுத் தோழன்