ரஹ்மானை அவருடைய மதத்திலிருந்து காப்பாற்ற வேண்டாம்

அன்புத் தம்பிக்கு,

ஏ.ஆர். ரஹ்மானைப் பற்றி நீ எழுதியிருந்ததைப் படித்தேன். உலக அமைதி, அன்பு என்றெல்லாம் பேசுகிற இவ்வளவு பெரிய கலைஞருக்கு மதம் எதற்கு, அவர் அதையெல்லாம் தாண்டியவர் என்று முடித்திருந்தாய். நல்ல மனசோடுதான் எழுதினாய், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் இந்தப் பாராட்டை நான் ரொம்ப வருடங்களாகப் பலர் வாயில் கேட்டுக்கொண்டிருக்கிறேன், ஒவ்வொரு முறையும் மனசு ஒப்ப மறுக்கிறது. ஐந்து வேளை தொழுகிற ஒருவரைப் பார்த்து ‘நீங்கள் மதத்தைத் தாண்டியவர்’ என்று சொல்வது, அவர் எதைத் தன் வாழ்க்கையிலேயே பெரிதாக நினைக்கிறாரோ அதை ஓரமாகத் தள்ளிவிட்டு, நமக்குப் பிடித்த மிச்சத்தை மட்டும் எடுத்துக்கொள்வதுதான். அதனால்தான் இந்தக் கடிதம்.

அவர் கதை உனக்குத் தெரியும், இருந்தாலும் ஒன்றிரண்டு விஷயங்களை ஞாபகப்படுத்துகிறேன். திலீப் குமாராகப் பிறந்த பையனுக்கு ஒன்பது வயதில், 1976-ல், அப்பா போய்விட்டார். மலையாளப் படங்களுக்கு இசையமைத்த ஆர்.கே. சேகர். அவர் விட்டுப்போன இசைக்கருவிகளை வாடகைக்கு விட்டுத்தான் வீடு நடந்தது, பையன் சின்ன வயதிலேயே கீபோர்டு வாசிக்கப் போனான், படிப்பு பாதியில் நின்றது. அந்த வருடங்களில் குடும்பத்துக்கு ஆறுதலாக இருந்தவர் கரீமுல்லா ஷா காதிரி என்ற சூஃபி பெரியவர். எண்பதுகளின் இறுதியில் அந்த வழியாகத்தான் அவர்கள் இஸ்லாத்துக்குள் வந்தார்கள். தங்கையின் கல்யாண விஷயமாக ஒரு ஜோதிடரைப் பார்க்கப் போனபோது, இவருக்கு அப்துல் ரஹ்மான், அப்துல் ரஹீம் இரண்டில் எது வைத்தாலும் நன்றாக இருக்கும் என்று சொன்னவர் அந்த ஜோதிடர்தான், அவர் ஒரு இந்து. இதை ரஹ்மானே சொல்லியிருக்கிறார். எனக்கு இந்தச் சம்பவம் மிகவும் பிடிக்கும், ஏனென்றால் இதில் சம்பந்தப்பட்ட யாருமே எதையும் ‘தாண்டவில்லை’. ஜோதிடர் ஜோதிடராகவே இருந்தார், அம்மா தன் நம்பிக்கையோடு இருந்தார், பையனுக்குப் பெயர் கிடைத்தது.

நீ மதம் என்றதும் உடனே சண்டையை நினைக்கிறாய். சரி, அதற்குக் காரணம் இருக்கிறது, நீ வளர்ந்த காலம் அப்படி. ஆனால் ரஹ்மான் வந்து சேர்ந்த இடம் தர்கா. நாகூர் தர்காவின் உயரமான மினாராவைக் கட்டிக்கொடுத்தவர் தஞ்சாவூர் மராத்திய மன்னர் பிரதாப் சிங். இன்றைக்கும் அங்கே வந்து நிற்கிற கூட்டத்தில் யார் எந்த மதம் என்று கேட்டுப் பிரிக்க முடியாது. கடப்பா அமீன் பீர் தர்காவுக்கும் அஜ்மீர் தர்காவுக்கும் ரஹ்மான் திரும்பத் திரும்பப் போவது, அவர் கேட்கிற அமைதி அங்கே ஏற்கனவே நடைமுறையில் இருப்பதால்தான் என்று நினைக்கிறேன்.

அப்புறம் பாட்டைக் கேள். ‘ஜோதா அக்பர்’ படத்தில் வரும் ‘க்வாஜா மேரே க்வாஜா’ அந்தப் படத்துக்காகப் போட்ட பாட்டே இல்லை, அஜ்மீரில் அடங்கியிருக்கும் சூஃபி ஞானி க்வாஜா மேல் உள்ள பக்தியில் தனக்காகச் செய்து வைத்திருந்தது, இயக்குநர் கேட்டுவிட்டுப் படத்தில் சேர்த்துக்கொண்டார். அதே படத்தில் கண்ணனை அழைக்கும் ‘மன் மோஹனா’வும் இருக்கிறது. இரண்டையும் அடுத்தடுத்து கேட்டுப் பார், எது அவருடைய மதம், எது அடுத்தவர் மதம் என்று இசையில் ஒரு தடுமாற்றமும் தெரியாது. தன் கடவுளிடம் உருகத் தெரிந்ததால்தான் அவரால் இன்னொருவருடைய உருக்கத்துக்கு இவ்வளவு உண்மையாக மெட்டுப் போட முடிந்தது என்பது என் கட்சி. நம்பிக்கையே இல்லாத ஒருவரால் முடியாது என்று சொல்லவரவில்லை. இவருக்கு வழி இது.

இன்னொன்றையும் யோசித்துப் பார். 1966 அக்டோபரில் எம்.எஸ். சுப்புலட்சுமி ஐ.நா. சபையில் பாடினார். போரை விடுங்கள், போட்டியை விடுங்கள், மற்றவரையும் உங்களைப் போலவே பாருங்கள் என்று உலகத்திடம் கேட்கும் ‘மைத்ரீம் பஜத’வை அவருக்காக எழுதிக் கொடுத்தவர் காஞ்சிப் பெரியவர். ஒரு மடாதிபதி எழுதிய சமஸ்கிருதப் பாட்டு, பாடியவர் நெற்றி நிறைய குங்குமம் வைத்த பக்தை. அந்தப் பாட்டை உலக அமைதிக்கான பாட்டாகத்தான் இன்று வரை கேட்கிறோம், எம்.எஸ். மதத்தைத் தாண்டியதால் அங்கே போனார் என்று யாரும் சொன்னதில்லை. ஐம்பது வருடம் கழித்து, 2016 ஆகஸ்ட் 15 அன்று, அதே ஐ.நா. பொதுச்சபை மண்டபத்தில் எம்.எஸ். நினைவாக ரஹ்மான் நிகழ்ச்சி நடத்தினார். இவர் விஷயத்தில் மட்டும் ஏன் நமக்கு இந்த அவசரம்? எம்.எஸ்ஸின் பக்தி அவருடைய அமைதிக்கு வேர் என்று சுலபமாக ஒப்புக்கொள்கிற நாம், ரஹ்மானின் தொழுகையை மட்டும் ஏன் மன்னித்துவிடப்பட வேண்டிய ஒரு பழக்கமாகப் பார்க்கிறோம்? இதற்குப் பதில் உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். முஸ்லிமாக இருப்பதைக் கொஞ்சம் குறைத்துக்கொண்டால்தான் அவரை நம்மவர் என்று முழுசாகச் சொல்ல நமக்கு வாய் வருகிறது. நீ வேண்டுமென்று இப்படிச் செய்யவில்லை. ஆனாலும் இது நம் பக்கத்துக் குறை.

2015-ல் நடந்ததை மறந்திருப்பாய். ஈரானிய இயக்குநர் மஜீத் மஜீதி நபிகளின் இளமைக் காலத்தைப் பற்றி எடுத்த படத்துக்கு ரஹ்மான் இசையமைத்தார் என்று மும்பையின் ரஸா அகாடமி என்ற முஸ்லிம் அமைப்பு ஃபத்வா, அதாவது மார்க்கத் தீர்ப்பு, கொண்டுவந்தது. அது போதாதென்று விசுவ இந்து பரிஷத் தரப்பிலிருந்து தாய்மதத்துக்குத் திரும்பி வாருங்கள் என்று அழைப்பு. இரண்டு பக்கமும் இழுத்தபோது நீ சொல்கிற மாதிரி ‘நான் இதையெல்லாம் தாண்டியவன்’ என்று ஒரு வரியில் அவர் தப்பித்திருக்கலாம். அவர் அப்படிச் செய்யவில்லை. தான் மார்க்க அறிஞன் இல்லை, நடுவழியில் நடப்பவன், மனிதர்களை எடைபோடாமல் அப்படியே நேசிக்க முயல்பவன் என்று எழுதினார். மறுமை நாளில் அல்லாஹ், உனக்கு நம்பிக்கை, திறமை, பணம், புகழ், ஆரோக்கியம் எல்லாம் தந்தேனே, என் அன்புக்குரிய நபியைப் பற்றிய படத்துக்கு ஏன் இசையமைக்கவில்லை என்று என்னைக் கேட்டால் நான் என்ன சொல்வேன் என்று கேட்டிருந்தார். அந்த அறிக்கையைத் தேடிப் படி. ஒரு விசுவாசி தன் விசுவாசத்துக்குள்ளிருந்தே, யாரையும் திட்டாமல், சொல்லிலும் செயலிலும் வன்முறை வேண்டாம் என்று கேட்கிறார். உலக அமைதி என்பது அவருக்கு மேடையில் பேசுகிற விஷயமாக மட்டும் இருந்திருந்தால் இந்த நிதானம் அன்றைக்கு வந்திருக்காது.

நீ அடுத்து என்ன கேட்பாய் என்று தெரியும். பாட்டு எந்தப் போரை நிறுத்தியது? நியாயமான கேள்வி, இதற்கு என்னிடம் ஆறுதலான பதில் இல்லை. ‘கன்னத்தில் முத்தமிட்டால்’ 2002 பிப்ரவரியில் வந்தது. உலகமெங்கும் வெள்ளைப் பூக்கள் மலரட்டும் என்று வைரமுத்து எழுதியதை ரஹ்மானே பாடினார். அதே மாதம் 22-ஆம் தேதி இலங்கையில் போர்நிறுத்த ஒப்பந்தம் கையெழுத்தானது, அந்தப் பாட்டு பலித்துவிட்டது என்று கூடத் தோன்றியது. சரியாக ஏழு வருடம் கழித்து, 2009 பிப்ரவரி 22 அன்று, ஆஸ்கர் மேடையில் ‘எல்லாப் புகழும் இறைவனுக்கே’ என்று அவர் தமிழில் சொன்னபோது, வெறுப்பா அன்பா என்ற கேள்வியில் நான் அன்பைத் தேர்ந்தெடுத்தேன் என்று சொன்னபோது, இலங்கையின் வன்னியில் குண்டு விழுந்துகொண்டிருந்தது. நம்மில் பலர் அன்றைக்கு ஒரே நேரத்தில் பெருமையும் வலியும் பட்டோம். ‘பம்பாய்’ படத்தின் தீம் இசையைப் பலஸ்தீன இயக்குநர் எலியா சுலைமான் 2002-ல் தன் படத்தில் பயன்படுத்தினார். அங்கேயும் சண்டை நிற்கவில்லை. ஆனால் மும்பைக் கலவரத்தை நினைத்துச் சென்னையில் பிறந்த ஒரு புல்லாங்குழல் மெட்டு, நமக்கு மொழி தெரியாத ஒரு மண்ணின் துயரத்துக்கும் பொருந்தியது என்பதை நான் சின்ன விஷயமாக எடுத்துக்கொள்ள மாட்டேன்.

ஈழத்துக்காக அவர் இன்னும் உரத்துப் பேசியிருக்கலாம் என்று நீ நினைத்தால் அதை நேராகவே சொல், நானும் உன் பக்கம் பாதிக்கு வருவேன். பத்திரிகையாளர் கௌரி லங்கேஷ் கொல்லப்பட்ட பிறகு, இது தொடர்ந்தால் இது என் இந்தியா இல்லை என்று அவர் பேசியதால் எவ்வளவு வசை வாங்கினார் என்பதையும் சேர்த்து எடை போடு. அவர் பேசியது, பேசாதது எல்லாவற்றுக்கும் அவரிடம் கணக்குக் கேட்கலாம். தொழுகையை மட்டும் அந்தக் கணக்கில் கழிவாக எழுதாதே.

அன்புடன்,
அண்ணன்