உருண்டையை உமிழ்வது டிராகன் அல்ல, மின்காந்தம்

மதிப்பிற்குரிய காட்சிக்கூடப் பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம். பண்டைய சீன அறிஞர் சாங் ஹெங்கின் நிலநடுக்கங்காட்டிக்குப் பக்கத்தில் இருந்த பழைய பலகையைக் கழற்றிவிட்டுப் புதிதாக ஒன்றை மாட்டியிருக்கிறீர்கள். எழுத்து பெரிதாகியிருக்கிறது, பிழை அப்படியே இருக்கிறது. "கி.பி. 132இல் இயங்கிய கருவியின் அசல் வடிவம்" என்ற வரியை எடுத்துவிடுங்கள் என்று முன்பும் கேட்டோம். இப்போதும் அதையேதான் கேட்கிறோம்.

அசல் தொலைந்து பல நூற்றாண்டுகள் ஆயிற்று. மிஞ்சியிருப்பது பிற்கால ஹான் வம்ச வரலாற்றில் உள்ள சிறு குறிப்புதான். எட்டுச் சீன அடி, அதாவது ஏறத்தாழ 1.85 மீட்டர் விட்டமுள்ள வெண்கல ஜாடி. வெளியே வாயில் உருண்டை கவ்விய எட்டு டிராகன் தலைகள், அவற்றின் கீழே வாய் பிளந்த எட்டுத் தேரைகள். உள்ளே ஒரு நடுத்தூண். நிலம் அதிர்ந்தால் அது அசைந்து, நடுக்கம் வந்த திசையிலுள்ள டிராகனின் வாயிலிருந்து உருண்டையைத் தேரையின் வாயில் விழச் செய்யும். அந்தத் தூண் நின்றதா தொங்கியதா என்று குறிப்பு சொல்லவில்லை. உங்களிடம் இருப்பது 1951இல் சீன ஆய்வாளர் வாங் சென்துவோ ஊகித்துச் செய்த மாதிரியின் நகல். அவர் தூணை நிமிர்த்தி நிறுத்தினார்.

வினையே அங்குதான். நிற்கும் தூணைச் சாய்க்கும் முடுக்கம் எவ்வளவு என்பதை அதன் அடிவிட்டத்துக்கும் உயரத்துக்கும் உள்ள விகிதம் தீர்மானிக்கிறது. தலைநகர் லுவோயாங்கில் எவரும் நடுக்கத்தை உணராதபோது ஓர் உருண்டை விழுந்தது, சில நாளில் மேற்கே தொலைவிலுள்ள லோங்ஷியிலிருந்து நிலநடுக்கச் செய்தி வந்தது என்கிறது அதே குறிப்பு. உணர முடியாத அந்த அதிர்வைப் புவியீர்ப்பில் ஆயிரத்தில் மூன்று பங்கு என்று தாராளமாகவே வைத்துக்கொள்வோம். ஒன்றரை மீட்டர் தூணுக்கு அடிவிட்டம் 4.5 மில்லிமீட்டர் வரும். பென்சிலைவிட மெலிந்த காலில் நிற்கும் அந்தத் தூண், கதவை அறைந்து சாத்தினாலே விழும். அடியை 15 சென்டிமீட்டர் ஆக்கினால், சாய்க்கப் புவியீர்ப்பில் பத்தில் ஒரு பங்கு முடுக்கம் வேண்டும். அதற்குள் சுவரே விரிசல் விட்டிருக்கும், கருவி வந்து சொல்ல வேண்டியதில்லை.

திசையும் தவறும். நிலநடுக்க அலைகளில் முதலில் வரும் மெல்லிய பி அலை, தான் செல்லும் திசையிலேயே முன்னும் பின்னும் அசைக்கும். பின்னால் வலுவாக வரும் எஸ் அலை குறுக்கே ஆட்டும். தூணைச் சாய்ப்பது பின்னதாக இருந்தால், மேற்கில் நடந்த நடுக்கத்துக்கு வடக்கு டிராகன் உமிழும். தூண் தொங்கும் ஊசலாக இருந்திருக்கலாம் என்று 1883லேயே பிரிட்டிஷ் நிலநடுக்கவியலாளர் ஜான் மில்ன் எழுதினார். சீன நிலநடுக்கவியலாளர் ஃபெங் ருய்யின் குழுவும் இந்த நூற்றாண்டில் ஊசலை வைத்தே புது மாதிரி செய்தது. அதுவும் ஊகம்தான், ஆனால் ஆட்டினால் வேலை செய்கிற ஊகம்.

உங்கள் மாதிரியில் தூண் அசைவதே இல்லை. பொத்தானை அழுத்தினால் மின்காந்தம் பிடியை விடுகிறது, உருண்டை தேரையின் வாயில் விழுகிறது, பிள்ளைகள் கைதட்டுகிறார்கள். மின்வெட்டு நாளில் சாங் ஹெங்குக்கும் விடுமுறை! பக்கத்துப் பெட்டியில் தெற்கு காட்டும் காந்தக் கரண்டி இருக்கிறதே, அதுவும் அதே வாங் சென்துவோவின் ஊகம். அதற்கும் 'அசல்' பட்டம்தான். வியக்க வைப்பதுதான் நோக்கம் என்றால், ஹூபெய் மாநிலத்தில் 1978இல் தோண்டியெடுத்த பண்டைய செங் நாட்டுக் கோமகன் யீயின் 65 வெண்கல மணிகள் இருக்கின்றன. குறுக்குவெட்டில் பாதாம்பருப்பு வடிவம். நடுவில் தட்டினால் ஒரு சுரம், ஓரத்தில் தட்டினால் இன்னொரு சுரம். ஊகமே வேண்டாம், தட்டிக் கேட்கலாம்.

பேச்சு எங்கோ போய்விட்டது, பொறுத்தருள வேண்டும். மாதிரியை அகற்றச் சொல்லவில்லை. பலகையை மட்டும் தயவுசெய்து மாற்றுங்கள். எழுதித் தர ஆளில்லை என்றால் இதையே எடுத்துக்கொள்ளலாம்:

"சாங் ஹெங், கி.பி. 132. அசல் கருவி கிடைக்கவில்லை. இது 1951ஆம் ஆண்டின் ஊக மாதிரி. இங்கே உருண்டையை விழச் செய்வது மின்காந்தம்."

இப்படிக்கு,
அறிவியல் வரலாற்று ஆர்வலர் சிலர்